மாதச் சாமான் 16,000 ரூபாய்: கடையை மாற்றினால் குறையுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 39. கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. இவர் வீட்டிலேயே தையல் தைத்து மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் சம்பாதிக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு, கூடவே மாமியார். பலசரக்கு, காய்கறி, பால், முட்டை, மீன் எல்லாம் சேர்த்து மாதம் 16,000 ரூபாய் ஆகிறது.

"கடை பார்த்து வாங்கினால் 11,000-க்குள் முடித்துவிடலாம், உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்கிறாராம் கணவர். அந்த வார்த்தை பொறுக்காமல் இரண்டு மாதமாக ஒரு நோட்டுப் போட்டு நான்கு இடத்து விலையை எழுதி வருகிறார்: தெருமுனை அண்ணாச்சி கடை, பெரிய சூப்பர் மார்க்கெட், கீழமாசி வீதி மொத்தக் கடை, பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் செல்போன் ஆப். நோட்டின் சில பக்கங்களையும் சூப்பர் மார்க்கெட் பில் இரண்டையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவர் கேட்பது இவை: நான்கில் எது மலிவு? பல வருஷமாகக் கணக்கு வைத்து வாங்கும் அண்ணாச்சியை விட்டுவிடலாமா? சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியில் ஒரு விலை ஒட்டி, பில்லில் வேறு விலை போட்டார்கள். வண்டு இருந்த ரவையை மாற்றித் தரவும் மறுத்தார்கள். இதைக் கேட்க உரிமை உண்டா? மாதம் 500 ரூபாய் கட்டினால் வருஷக் கடைசியில் 7,000 ரூபாய்க்குச் சாமான் தருவதாக ஒரு கடை சொல்லும் சீட்டில் சேரலாமா? வருஷச் சாமானை ஒரே முறையில் மொத்தமாக வாங்கி வைக்கச் சொல்கிறார் மாமியார், அது சரியா?

அன்புள்ள வாசகிக்கு,

கடைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த 11,000 ரூபாயைப் பற்றிப் பேசிவிடுவோம். ஐந்து பேருக்கு மாதம் 16,000 என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 107 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, காபி, பிள்ளைகளின் டிபன் டப்பா எல்லாம் அதற்குள் அடக்கம். இது செலவாளி வீட்டுக் கணக்கு இல்லை. நீங்கள் அனுப்பியதை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கடை பார்த்து வாங்குவதால் 2,000 ரூபாய் குறையும், மிஞ்சிப் போனால் 2,500. அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும்.

அப்படிக் கை வைக்கும்போது முதலில் குறைவது யார் தட்டு என்பதை என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முட்டை பிள்ளைகளுக்கு, மீன் துண்டு கணவருக்கு, பால் மாமியாருக்கு, குழம்பும் சோறும் அம்மாவுக்கு. உங்கள் கடிதத்திலும், "நான் இப்போது முட்டை எடுத்துக்கொள்வதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அது சேமிப்பு இல்லை. தயவுசெய்து நாளைக்கே அதை மாற்றுங்கள். கணவரிடம் 107 ரூபாய்க் கணக்கைக் காட்டுங்கள். சாமர்த்தியம் என்ற பேச்சு அந்த எண்ணுக்கு முன்னால் நிற்காது.

இனி நோட்டுக்கு வருகிறேன். உழைத்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பாக்கெட் விலையை எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய், சூப்பர் மார்க்கெட் 136, அண்ணாச்சி 160 என்று எழுதி, 24 ரூபாய் லாபம் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பாக்கெட்டின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 136 ரூபாய்ப் பாக்கெட்டின் அடியில், மடிப்புக்குப் பக்கத்தில் 800 மி.லி. என்று இருக்கிறது. அண்ணாச்சி கொடுத்தது முழு லிட்டர். 136-ஐ 800-ஆல் வகுத்தால் மில்லிக்கு 17 பைசா, அதாவது லிட்டர் 170 ரூபாய். அண்ணாச்சி எண்ணெய்தான் லிட்டருக்கு 10 ரூபாய் குறைவு.

இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. எண்ணெய், மாவு, பிஸ்கட் போன்றவற்றை இன்ன இன்ன அளவில்தான் பாக்கெட் போடலாம் என்று முன்பு விதி இருந்தது. 2021-ல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு லிட்டர் போலவே தெரியும் 800, 850 எல்லாம் அலமாரியில் கூடின. அதற்கு ஈடாக, கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. எம்.ஆர்.பி. அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடியில் வாங்கினால் நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும், செல்போன் கால்குலேட்டர் போதும். இன்னொன்று, ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். கிலோ பாக்கெட்டையும் லிட்டர் பாக்கெட்டையும் ஒரே வரியில் எழுதி ஒப்பிடாதீர்கள்.

அரிசியிலும் இதே கதைதான். 25 கிலோ மூட்டை 1,525, 26 கிலோ மூட்டை 1,560 என்று எழுதி 25 கிலோவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வகுத்தால் முதலாவது கிலோ 61, இரண்டாவது கிலோ 60. அது என்ன 26 கிலோ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டுப் பொட்டலம் போட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் அரிசி, பருப்புக்கும் அந்த வரி கிடையாது. விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இதனால் வருவது.

எந்தக் கடை மலிவு?

நான்கில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாச் சாமானுக்கும் மலிவான கடை என்று ஒன்று இல்லை. பெரிய கடைகள் சர்க்கரை, எண்ணெய் போன்ற, விலை எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பொருளில் குறைத்துக் காட்டுவார்கள். சோம்பு, கிராம்பு, நொறுக்குத் தீனி போன்ற, யாருக்கும் விலை நினைவில் நிற்காதவற்றில் அதை ஈடுகட்டிக்கொள்வார்கள்.

உங்கள் நோட்டில் அறுபதுக்கு மேற்பட்ட சாமான் இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் இதற்குப் போகிறது என்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒரு ஜாக்கெட் வெட்டி வைக்கலாம், உங்கள் நேரத்துக்கும் கூலி உண்டு. அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், பால், சர்க்கரை, காபித்தூள், முட்டை, சோப்புத்தூள், காய்கறி, இவை போதும். பணத்தில் பெரும்பகுதி இவற்றில்தான் போகிறது. கடுகு எங்கே ஒரு ரூபாய் குறைவு என்று பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். பாலை நீங்கள் நோட்டிலேயே சேர்க்கவில்லை. நாளுக்கு ஒன்றரை லிட்டர் தனியார் பால் வாங்குகிறீர்கள், அது மாதம் 45 லிட்டர். உங்கள் தெரு ஆவின் பூத்தில் அதே கொழுப்புச் சத்துள்ள பாக்கெட் என்ன விலை என்று கேட்டு, முதல் வரியில் அதை எழுதுங்கள்.

சூப்பர் மார்க்கெட் பில் இரண்டையும் பார்த்தேன். முதல் பில் 2,870 ரூபாய். அடியில், "இன்று நீங்கள் சேமித்தது 412 ரூபாய்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை அப்படியே சேமிப்பு என்று நோட்டில் ஏற்றியிருக்கிறீர்கள். எம்.ஆர்.பி.யிலிருந்து விற்ற விலையைக் கழித்தால் வரும் தொகை அது, உங்கள் கைக்கு வந்த பணம் இல்லை. நீங்கள் எழுதிக்கொண்டு போன சிட்டையில் இல்லாத பொருள் அந்தப் பில்லில் 1,010 ரூபாய்க்கு இருக்கிறது: சிப்ஸ், கப் நூடுல்ஸ், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டு ஜாம் பாட்டில், அறைக்கு அடிக்கும் வாசனை. இரண்டாவது பில்லில் 560. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வருவது உங்கள் வீட்டுக்கு ஒரு பொழுதுபோக்காகவும் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பலசரக்குச் செலவில் எழுதாமல் தனியாக எழுதுங்கள். சாமான் வாங்க மாதம் ஒரு முறை, ஒருவர் மட்டும், சாப்பிட்டுவிட்டுப் போய் வரட்டும்.

கீழமாசி வீதியைப் பொறுத்தவரை, அரைக்கிலோ ஒரு கிலோ வாங்க அங்கே போவதில் பயனில்லை, ஆட்டோ வாடகை தின்றுவிடும். பக்கத்து வீட்டார் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு மூட்டைப் பருப்பு எடுத்துப் பிரித்துக்கொண்டால் நல்ல விலை கிடைக்கும். பருப்பில் தரம் பல உண்டு. ஒரு கைப்பிடி அள்ளி, உடைசல் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.

பத்து நிமிட ஆப் அவசரத்துக்கு மட்டும். பொருள் விலை குறைவாகத் தெரிந்தாலும் டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், சின்ன ஆர்டருக்குத் தனிக் கட்டணம் என்று கடைசித் திரையில் ஏறும். கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பதும், கட்டணத்தைக் கடைசி வரை மறைத்து வைப்பதும் முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பணம் கட்டும் முன் அந்தத் திரையை ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள்.

உங்கள் நோட்டில் இல்லாத இரண்டு கடைகள்

முதலாவது உழவர் சந்தை. 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியதே உங்கள் ஊரில்தான், அண்ணா நகரில். மொத்த விலைக்கும் வெளிச் சில்லறை விலைக்கும் நடுவே விலை நிர்ணயித்து, அன்றன்றைக்குப் பலகையில் எழுதிப் போடுவார்கள். வீட்டு வாசலில் தள்ளுவண்டியில் மாதம் 3,000 ரூபாய்க்குக் காய் வாங்குகிறீர்கள். வாரம் ஒரு நாள் விடிகாலையில் சந்தைக்குப் போய் வெங்காயம், தக்காளி, கிழங்கு, முருங்கை போன்ற தாங்கும் காய்களை வாங்கி வந்தால் நானூறு ஐந்நூறு மிச்சமாகும். கீரையையும் அவசரக் காயையும் தள்ளுவண்டிக்காரரிடமே வாங்குங்கள். இந்தச் சந்தை வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள் என்பது என் யோசனை. அவருக்கு ஞாயிறு விடுமுறை, வண்டி இருக்கிறது, விலை பேசுவதில் ஆர்வமும் இருப்பதாகத் தெரிகிறது.

இரண்டாவது ரேஷன் கடை. அரிசி கார்டு இருந்தும், "சாமான் நன்றாக இருக்காது" என்று போவதில்லை என்கிறீர்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், அரிசி இலவசம். நீங்கள் எழுதிய வெளிவிலை பருப்பு 130, சர்க்கரை 45. ஒரு கிலோ பருப்பில் 100, இரண்டு கிலோ சர்க்கரையில் 40. இட்லிக்கென்று கிலோ 48 ரூபாய்க்கு 6 கிலோ அரிசி வாங்குகிறீர்கள், அது 288. ரேஷன் புழுங்கல் அரிசியைக் கல் நீக்கிக் கழுவி ஊறவைத்தால் மாவு நன்றாகவே பொங்குகிறது என்று எத்தனையோ வீடுகளில் ஆட்டுகிறார்கள். ஒரு மாதம் பாதிக்குப் பாதி கலந்து ஆட்டிப் பாருங்கள். இட்லி அரிசி முழுவதையும் மாற்றிவிட்டால் மூன்றும் சேர்ந்து 428 ரூபாய். எந்தச் சூப்பர் மார்க்கெட் தள்ளுபடியும் இதற்கு ஈடாகாது. இது உங்கள் குடும்பத்துக்கு உரிய பங்கு, வாங்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் வாங்காத சாமானை வாங்கியதாகச் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அண்ணாச்சியை விடலாமா?

விட வேண்டாம் என்பேன், பழகிய முகம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவரிடம் மாதம் 5,500 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். மற்ற கடைகளோடு பார்த்தால் 180 ரூபாய் கூடுதல் என்பது உங்கள் கணக்கு. நோட்டில் எண்ணெய் விலை எழுதிய வரியைத் திருத்தினால் அது இன்னும் குறையும். அந்தக் கொஞ்சப் பணத்துக்கு மாதம் முழுக்க வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது, 50 கிராம் சீரகம் கிடைக்கிறது, சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் அடுப்பு எரிகிறது. அவர் எம்.ஆர்.பி. விலைக்கே விற்பது ஏமாற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. எம்.ஆர்.பி. என்பது உச்ச விலை, அதற்குள் எந்த விலைக்கும் விற்கலாம். அதைத் தாண்டினால்தான் குற்றம்.

ஆனால் கணக்கு வைப்பதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, பிள்ளைகள் போய் "கணக்கில் எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று வாங்கும் மிட்டாயும் மிக்சரும். உங்கள் பக்கங்களில் அப்படி 640 ரூபாய் இருக்கிறது. சிட்டையில் உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார். இரண்டு, அவர் நோட்டில் மட்டும் எழுதுவது. உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டில் அன்றன்றைக்கு ஏற்றுங்கள். முடிந்தால் ஒரு மாதம் மொத்தச் சிட்டையையும் அவரிடம் நீட்டி, "ரொக்கமாகத் தருகிறேன், என்ன விலைக்குப் போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நிலையான வாடிக்கையாளரை விட அவருக்கும் மனமிருக்காது.

பில்லும் வண்டு விழுந்த ரவையும்

அலமாரியில் ஒட்டிய விலைக்கு மேல் பில் போட்டால், தொகை எம்.ஆர்.பி.க்குள் இருந்தாலும், அது மக்களைத் தவறாக வழிநடத்தும் செயல்தான். எம்.ஆர்.பி.க்குள் இருந்தால் எதுவும் கேட்க முடியாது என்று அங்கே சொன்னதை நம்ப வேண்டாம். அடுத்த முறை அலமாரிச் சீட்டை அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, பில் போடும் இடத்திலேயே மேலாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். படம் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

ரவை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை வைத்துவிட்டால் முடிந்தது என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. ரவைப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பில்லும் பாக்கெட்டில் உள்ள பேட்ச் நம்பரும் தெரியும்படி படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். எடை குறைவு, எம்.ஆர்.பி.க்கு மேல் விலை என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இருந்தாலும் ஒரு பாக்கெட் ரவைக்காக நீங்கள் ஆணையம் வரை அலைய வேண்டாம், 1915 போதும். நாலு பேர் புகார் சொன்னால் அந்தப் பலகை இறங்கும்.

அந்தச் சீட்டு

மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம், மொத்தம் 6,000. வருஷக் கடைசியில் 7,000-க்குச் சாமான். வங்கி தராத லாபத்தை ஒரு கடை எப்படித் தருகிறது என்று முதலில் யோசியுங்கள். கூடுதலாகத் தெரியும் 1,000 ரூபாய், அவர்கள் குறிக்கும் பொருள், அவர்கள் போடும் விலை, அவர்கள் தரும் தரம் ஆகிய மூன்றில் கரைந்துவிடலாம். அது சின்ன இழப்பு. கடையே பூட்டிக்கொண்டு போனால் முழுத் தொகையும் போகும். தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்து பொருளாதாரக் குற்றப் பிரிவு வாசலில் நிற்கும் பெண்களை ஆண்டு தவறாமல் செய்தியில் பார்க்கிறோம். பதிவு எண் என்ன, சீட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ததா, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது உண்டா என்று கேளுங்கள். வெறும் அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்றால் சேர வேண்டாம்.

அதே 500 ரூபாயை உங்கள் பெயரில் வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பாகப் போடுங்கள். மாசி, பங்குனியில் புதுப் புளி, வற்றல், மல்லி வரும்போது முதிர்கிற மாதிரி தேதி வைத்துக்கொண்டால், மாமியார் சொல்லும் வருஷச் சாமானை ரொக்கத்துக்கு, பேரம் பேசி, கீழமாசி வீதியிலேயே வாங்கலாம். அந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் புளி, வற்றல், மல்லியோடு நிறுத்துங்கள். துவரம்பருப்பை இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கி வைப்பதானால் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்துக் கட்ட வேண்டும். அந்தப் பக்குவம் அவருக்குத் தெரிந்திருக்கும், அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.